பேசாதவரோடு வாடகைப் பேரம்

மலேசியாவில், தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. கிராணி என்றால் கணக்குப்பிள்ளை. கணக்கு எழுதுவது காலையில் ஒரு மணி நேர வேலைதான். மீதிப் பொழுதெல்லாம் "என் கூலி ஏன் குறைந்தது?" என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதே உத்தியோகம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை என் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டேன். கால் சரியானால் தீபத்துக்குள் திருவண்ணாமலை வந்து மலையைச் சுற்றுவதாக என் மனைவி தனம் வேண்டிக்கொண்டாள். சுற்றப் போவது யார் என்பதையும் சாமியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். எனக்குத்தான் தெரியாது. கால் சரியான பிறகு தெரிந்தது.

மெட்ராஸ் வரை வந்த கதையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அங்கிருந்து பஸ். செஞ்சியில் டீ குடிக்க இறங்கினேன். எங்கள் ஊர் தே தாரே போல இழுத்து ஆற்றிய டீ, ஆனால் டம்ளர் கட்டைவிரல் அளவு. இரண்டாவது டம்ளருக்கு நின்றதில் நேரமாகிவிட்டது. ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் முக்காடு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த தனத்தின் தோளைத் தட்டி, "தள்ளி உக்காரு" என்றேன். முக்காட்டை விலக்கிப் பார்த்தது வேறு ஒரு அம்மாள். பஸ்ஸும் வேறு. அது விழுப்புரம் போகிற பஸ். எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் வந்து என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். திருவண்ணாமலை வரை தனம் என்னோடு பேசவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ஜட்கா வண்டி. நான் கொஞ்சம் கனத்த உடம்பு. நான் பின்னால் உட்கார்ந்ததும் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு, குதிரை கால் நுனியில் நிற்பது போல ஆகிவிட்டது. "முன்னால தள்ளி உக்காருங்க சார், குதிரை பூமியில நடக்கணும்" என்றார் வண்டிக்காரர். செங்கம் ரோடு வரை அவர் தோளில் சாய்ந்தபடியேதான் போனேன்.

ஆசிரமத்துப் பக்கம், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டு வீடு. தனத்தின் சொந்தக்காரர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்த இடம். வீட்டுக்காரி பச்சையம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். வாசலிலேயே எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, "வாங்கண்ணா, வாங்க அண்ணி" என்று முறை வைத்துக் கூப்பிட்டார். அவருடைய கணவர் ஏழுமலை பெரிய மீசைக்காரர். "வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உடனே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

அவர் போன காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. எங்களுக்கென்று சொன்ன அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், மார்பு வரை மஞ்சள் தாடி. கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கூப்பினார். வாசலில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது. அதற்கும் கூப்பினார்.

"மாசத்துக்கு மேல ஆவுது அண்ணா. வாடகையும் ஒழுங்கா தரல, காலியும் பண்ணல. இன்னான்னு கேட்டா பேசவும் மாட்டேன்றாரு. அந்த அட்டையில இன்னா எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். "தீபம் வரைக்கும் மௌனமாம். பேச மாட்டாராம். எழுதவும் மாட்டாராம்."

"வாடகை தர மாட்டேன்னு எழுதியிருக்குதா?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"அப்போ குடுக்கச் சொல்லுங்க."

அன்று எங்களுக்குக் கிடைத்தது பக்கத்து அறை. பாதி அறையில் மூட்டைகள். "மல்லாட்ட மூட்டை அண்ணி, ஓரமா படுத்துக்குங்க" என்றார் பச்சையம்மாள். மல்லாட்டை என்றால் என்ன என்று தனத்துக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தோம். நாங்கள் கச்சான் என்று சொல்கிற நிலக்கடலை. நாங்கள் தமிழர்கள்தான், அவர்களும் தமிழர்கள்தான். நடுவில் ஒரு மூட்டையைப் பிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, கேழ்வரகுக் களியும் புளிச்சகீரைக் கடைசலும் கொடுத்தார்கள். களியை மெல்லக் கூடாது, உருட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று பச்சையம்மாள் சொல்லித் தந்தார். தனம் விழுங்கினாள். நான் மென்றேன், களி என் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டிவிட்டது. பஞ்சாயத்துக்கு வாங்க என்று பச்சையம்மாள் கூப்பிட்டபோது என்னாலும் பேச முடியாத நிலை.

வெள்ளைக்காரர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சையம்மாள் நடந்ததைச் சொன்னார். இவர் வந்த அன்று வாடகை எவ்வளவு என்று விரலைத் தேய்த்துக் கேட்டாராம். பேசாதவரோடு எப்படிப் பேசுவது? பச்சையம்மாளும் கையாலேயே சொன்னாராம். ஐந்து விரலையும் விரித்து, மூன்று தடவை காட்டினாராம். ஐந்து மூன்று பதினைந்து. நாள் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய். வெள்ளைக்காரர் கை கூப்பினாராம். சம்மதம் என்று பச்சையம்மாள் எடுத்துக்கொண்டாராம்.

"அன்னியிலேர்ந்து தெனம் காலையில அந்த மாடத்துல ஒரு அஞ்சு ரூவா நோட்டு வைக்கிறாரு. முன்பணம் போல, மீதிய மொத்தமா குடுப்பாருன்னு நானும் இருந்துட்டேன். நீங்க வரீங்கன்னதும் கணக்கு கேட்டேன். மறுபடியும் கும்புடுறாரு. கும்புட்டா கடன் தீந்துடுமா?"

நான் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐயா, நாள் வாடகை பதினைந்து என்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டது பதினைந்தா?"

அவர் ஐந்து விரலை விரித்து, ஒரே ஒரு தடவை காட்டினார். பிறகு ஜன்னல் வழியாகக் கழனிப் பக்கம் கை நீட்டினார். பிறகு மூக்குக்குக் கீழே விரலை வைத்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார்.

நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம்.

"கழனியில அஞ்சு ஏக்கரு கேக்குறாரா?" என்றார் பச்சையம்மாள்.

"முகத்துக்குச் சவரம் பண்ண ஆள் கேட்கிறார் போல" என்றாள் தனம். "தாடியைப் பாருங்க, குருவி கூடு கட்டலாம். குளிக்கிறதும் இல்லை போல இருக்கு."

வெள்ளைக்காரர் மறுபடி விரலை விரித்தார், கழனியைக் காட்டினார், மூக்கின் கீழ் இழுத்தார். நான் வேறு வழி பார்த்தேன். ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும் என்றேன். அதில்தான் பெரிய தவறு செய்தேன். ஒரு மாதத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்ததில் நம்மவர்களைப் போலத் தலையாட்டக் கற்றுக்கொண்டிருந்தார். நான் எதைக் கேட்டாலும் தலை இடதும் வலதுமாக, தண்ணீரில் மிதக்கும் தேங்காய் போல ஆடியது. அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா, பார்க்கலாம் என்பதா என்று நம்மவர்களிடம் கேட்டாலே தெரியாது. அவரிடம் எப்படித் தெரியும்?

தனம் என் காதோரம் வந்தாள். "ஏங்க, என்ன பெரிய நியாயம் பார்க்கறீங்க. பாக்கியைக் கட்டு, இல்லாட்டி காலி பண்ணுன்னு சொல்லுங்க. ராத்திரி பூரா என் முதுகுல எலி ஓடுச்சு."

அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அவர் போனால் அறை எங்களுக்கு. மத்தியஸ்தனுக்கே லாபம் வருகிற வழக்கு. தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கு வந்தால் பெரிய கிராணியிடம் தள்ளிவிடுவேன். இங்கே பெரிய கிராணியும் நான்தான்.

அடுத்த நாள் விடாத மழை. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. ரோட்டோர டீக்கடையில் விஷயம் பரவியிருந்தது. அங்கே அவருக்கு "மௌனம்" என்றே பெயர். "மௌனம் டீ குடிச்சிட்டாரா?" "மௌனத்துக்குச் சக்கரை கம்மியா போடு." பக்கத்து பெஞ்சில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவர் பெரிய ஞானி. வீட்டுக்காரி ஒரு மணி நேரம் திட்டினாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை." அந்த ஞானி அப்போது என் முன்னால் வந்து நின்று, என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வா என்று சைகை காட்டினார்.

அறைக்குக் கூட்டிப் போய்க் கூரையைக் காட்டினார். ஓட்டு இடுக்கில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தகரக் குவளை, பக்கத்தில் ஒரு அண்டா, அதன் பக்கத்தில் அவருடைய செருப்பு. மூன்றிலும் தண்ணீர். பிறகு கட்டிலைக் காட்டினார். போர்வை நடுவில் ஒரு சிவப்புக் கோழி உட்கார்ந்திருந்தது. எங்களைக் கண்டு அசையவில்லை. அவர் கை கூப்பினார். கோழி கொஞ்ச நேரத்தில் எழுந்து, சத்தம் போட்டபடி வெளியே போனது. போர்வையில் முட்டை.

பச்சையம்மாள் உள்ளே வந்தார். முட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். கோழி போன திசையைக் காட்டினார். இரண்டு விரலைக் காட்டினார். அறையைக் கைகளால் பாதியாக வெட்டிக் காட்டினார். இந்தச் சைகை மட்டும் எனக்கு உடனே புரிந்தது. அறையில் குடியிருப்பது இரண்டு பேர், வாடகையில் பாதி கோழியுடையது.

இதைப் பச்சையம்மாளிடம் சொன்னேன்.

"கோழி எங்க வூட்டுக் கோழி. அது பொறந்ததே அந்தக் கட்டில்ல. இவரு நேத்து வந்தவரு. அதுக்கு எடம் விட்டுக் குடுத்துட்டுதான் படுக்கணும்."

"கூரை ஒழுகுகிறதே, அம்மா."

"வாடகை வந்தாதான் ஓடு மாத்துவேன்."

"ஓடு மாற்றினால்தான் வாடகை என்கிறார்."

"அவரு எங்க சொன்னாரு? அவருதான் பேசலியே."

பச்சையம்மாளின் குரல் சட்டென்று இறங்கியது. "அண்ணா, நானு ஊரை ஏமாத்தறவ இல்ல. இந்த ரூம்ப நம்பித்தான் ஓட்டுக்காரனுக்கு வாக்கு குடுத்திருக்கேன். தீபத்துக்கு மறுநாள் அவன் வந்து நிப்பான். அதுக்குள்ள தரலன்னா அவரு துணிப்பைய எடுத்து உள்ள வச்சிப் பூட்டிடுவேன். அப்புறம் எருமைய கும்புட்டுக்கினு கெடக்கட்டும்."

தீபத்துக்கு முதல் நாள் வேண்டுதலை முடித்துவிடலாம் என்று மலை சுற்றக் கிளம்பினோம். செருப்பில்லாத கால், ஈர ரோடு. எங்கள் ஊரில் கோயில் என்றால் நூறு படி ஏறினால் சாமி. இங்கே சாமியே மலை, முடிவே இல்லாமல் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறார். பாதி தூரத்தில் என் முழங்கால் தன் பழைய குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. "இது சாமிக்கும் உங்க காலுக்கும் உள்ள விவகாரம், நான் தலையிட மாட்டேன்" என்று தனம் முன்னால் போய்விட்டாள்.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. உட்கார இடம் தேடினால், உள்ளே மூலையில் பெரிய மீசை தெரிந்தது. ஏழுமலை.

"கழனிக்குப் போனதாகச் சொன்னார்களே?" என்றேன்.

"கழனியிலயும் வந்து தேடுறா மச்சான். இது தங்கச்சி கடை. இங்க வர மாட்டா, ரெண்டு பேருக்கும் ஆவாது." டீயை என் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த வெள்ளக்காரரு ஏதாவது காட்டினாரா? கையில?"

"அஞ்சு விரலைக் காட்டுகிறார். கழனியைக் காட்டுகிறார். மூக்குக்குக் கீழே இப்படி இழுக்கிறார்." நான் இழுத்துக் காட்டினேன். காட்டும்போதே எதிரே இருந்த மீசையைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னிக்கு அவ வூட்ல இல்ல மச்சான். இவரு வந்து ரூம்ப காட்டி, விரல தேச்சிக் கேட்டாரு. வாடகை பேசறதெல்லாம் அவ வேலை, நமக்கெதுக்குன்னு, அஞ்சு நிமிஷம் இருங்க, வந்துடுவான்னு கையக் காட்டினேன்." ஐந்து விரலை விரித்தார். "அவரு கும்புட்டாரு. நானும் கும்புட்டேன்."

"அவர் அதை ஐந்து ரூபாய் என்று நினைத்துவிட்டார்."

"அப்புறம் அவ வந்து மூணு வாட்டி காட்டினாளா, இவரு நெனச்சிருப்பாரு, நான் சொன்ன அஞ்சையே இவளும் திருப்பித் திருப்பிச் சொல்றான்னு. எனக்கு நீங்க வந்த அன்னிக்குத்தான் புரிஞ்சுது. புரிஞ்சதும் கெளம்பி வந்துட்டேன். மச்சான், இத்த அவகிட்ட சொல்லிடாதீங்க. ஓடு மாத்துற காசு போச்சுன்னு என்னையே கூரைமேல ஏத்திப் படுக்க வச்சிடுவா."

மீசைக்காரர் ஒருவர் அப்படிக் கண் கலங்கிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். இப்போது உண்மை தெரிந்த மூன்று பேரில் ஒருவர் பேச மாட்டார், ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார், இன்னொருவர் நான். அன்று மாலை வீட்டில் தனம், "நாளைக்காவது அந்த ஆளைக் கிளப்பப் பாருங்க" என்றாள். பச்சையம்மாள் பூட்டை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து மூக்கின் கீழ் இழுத்தார். நான் வாயைத் திறக்காமல் கை கூப்பினேன். எருமைக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும்.

தீபத்தன்று காலையிலிருந்தே ரோடு கொள்ளாத ஜனம். சாயங்காலம் மழை விட்டு மேகம் மலை உச்சியிலிருந்து மெல்ல விலகியது. வீட்டு வாசலில் அகல் விளக்குகளை வரிசையாக வைத்துவிட்டு, உச்சியில் தீபம் தெரிந்த பிறகு ஏற்றக் காத்திருந்தார்கள். பொரி உருண்டை ஒரு தட்டில் இருந்தது. டீக்கடைக்காரர் முதற்கொண்டு பத்துப் பதினைந்து பேர் எங்கள் வாசலில்தான் நின்றார்கள். அவர்கள் மலையையும் பார்த்தார்கள், மௌனத்தையும் பார்த்தார்கள். தீபம் தெரிந்ததும் அவர் முதல் வார்த்தை என்ன சொல்லப் போகிறார் என்று பந்தயம்கூட நடந்ததாகக் கேள்வி. அண்ணாமலையார் பெயரைச் சொல்வார் என்றது ஒரு கட்சி. அம்மா என்பார் என்றது இன்னொன்று. ஏழுமலையும் எப்படியோ கூட்டத்தோடு வந்து, கடைசி வரிசையில் துண்டால் மீசையை மூடிக்கொண்டு நின்றார்.

உச்சியில் சின்னதாக ஒரு பொறி தெரிந்து, வளர்ந்தது. ஊரே அரோகரா என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் எல்லாரும் வெள்ளைக்காரர் பக்கம் திரும்பினார்கள். அவர் கழுத்து அட்டையைக் கழற்றிக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"பதினஞ்சு ஜாஸ்தி" என்றார்.

தமிழில். அதுவும் பச்சையம்மாளின் தமிழில். ராகம்கூட அவருடையதுதான்.

கூட்டம் இன்னும் நெருங்கி நின்றது. அவர் தொடர்ந்தார். "அஞ்சு கம்மி. எனக்கும் தெரியுது. ஆனா, வூட்டுக்காரரு அஞ்சு காட்டினாரு. அதோ, மீசைய மூடிக்கினு நிக்கிறாரே, அவரு. கேளும்மா."

காலை முதல் இரவு வரை பச்சையம்மாள் எருமையோடும் கோழியோடும் கணவரோடும் தன்னோடும் பேசிய பேச்சையெல்லாம், அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவ்வளவும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. பச்சையம்மாள் கணவரைப் பார்த்தார். ஏழுமலை துண்டை இறக்கினார். "அஞ்சு நிமிஷம்னு காட்டினேன்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். எல்லாருக்கும் கேட்டது. முதலில் சிரித்தது பச்சையம்மாள்தான். தட்டில் இருந்த பொரி உருண்டை ஒன்றை எடுத்துக் கணவர் மேல் எறிந்தார். அது மீசையில் ஒட்டிக்கொண்டது.

பிறகு பேரம் நடந்தது. பச்சையம்மாள் பதிமூன்று என்றார். அவர் எட்டு என்றார், கூரை ஒழுகுது என்றார். பச்சையம்மாள் பன்னிரண்டு என்றார். "கோழி?" என்றார் அவர். நாளுக்குப் பத்து, அந்தக் கட்டிலில் இட்ட முட்டை இனிமேல் அவருக்கு என்று முடிந்தது. பாக்கியை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். அப்போதுதான் அகல் விளக்கு நினைவு வந்து எல்லாரும் ஏற்ற ஓடினார்கள்.

அவர் பெயர் நீல்ஸ், ஊர் டென்மார்க். ஊரில் என்ன தொழில் என்று கேட்டேன். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுவதாம். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதால், அதற்கு ஓய்வு கொடுக்கத்தான் மௌனமாம். பேசிக்கொண்டே தனத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணி, நானு தெனமும் குளிக்கிறேன். விடிகாலம் குளிக்கிறேன். நீங்க தூங்கறீங்க." தனத்தின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. முதுகில் எலி ஓடியதையும் அவர் கேட்டிருந்தார். மல்லாட்டை அறையில் தான் படுத்துக்கொள்வதாகச் சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்று தனம் கட்டிலில் தூங்கினாள்.

மறுநாள் காலை பச்சையம்மாள் வந்தார். "அண்ணா, ரூம்பு வாடகை."

"எவ்வளவு?"

"பதினஞ்சு."

"அவருக்குப் பத்துதானே, அம்மா?"

"அவரு இப்போ மல்லாட்ட ரூம்புல இருக்காரு. இது கட்டில் ரூம்பு."

எத்தனையோ கூலிச் சண்டைகளைத் தீர்த்த அனுபவத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன். ஓட்டை இருக்கிற அறைக்கு இன்ன விகிதம், ஓட்டையை அடைத்த பின் இன்ன விகிதம், இடையில் நாங்கள் மூட்டைகளோடு படுத்த நாட்களுக்கு இன்ன கழிவு என்று தோட்டத்து நடைமுறையை ஒன்று விடாமல் விளக்கினேன். பச்சையம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, பல் தேய்த்துக்கொண்டிருந்த நீல்ஸைக் கூப்பிட்டார்.

"இவரு இன்னா சொல்றாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

நீல்ஸ் வந்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பச்சையம்மாளிடம் திரும்பித் தமிழில் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். அதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. பன்னிரண்டில் முடிந்தது. நான் பணத்தைக் கொடுத்தேன். பச்சையம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நீல்ஸுக்கு நன்றி சொன்னார்.